அளவாகக் குடிக்கிறவன்

கொளத்தாங்கலில் குடிகாரன் என்ற பட்டம் மண்ணாங்கட்டி ஒருவனுக்குத்தான் இருந்தது. மற்ற ஆண்கள் எல்லோரும் குடிக்கிறவர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரகடம் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஏரி வாய்க்காலின் மதகு இருக்கிறது. அதைத் தாண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டால் குடிக்கிறவன். மதகிலேயே விழுந்து கிடந்தால் குடிகாரன். மண்ணாங்கட்டி வாரத்தில் நாலு நாள் மதகில் கிடப்பான், வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பெண்சாதியை அடிப்பது, வேலைக்கு மட்டம் போடுவது என்று இன்னும் இரண்டு மூன்று அடையாளங்களும் உண்டு. ஆனால் மதகுதான் முக்கியம்.

நடேசன் ஒரு நாளும் மதகில் விழுந்தவன் இல்லை. மறைமலை நகரில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருஷமாக ஆபரேட்டர். தகட்டை வைத்து, பெடலை மிதித்து, பீஸை எடுத்துப் போடுகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் தடவை அதையே செய்யவேண்டும். அந்த மிஷினில் கவனம் பிசகினால் விரல் போய்விடும். அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு விரல் எண்ணிக்கை குறைவு. நடேசனுக்குப் பத்தும் இருந்தன. அவன் அளவாகக் குடிக்கிறவன் என்பதற்கு இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் வேண்டுமா என்று அவன் பெண்சாதி கனகம் களை எடுக்கிற இடத்தில் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் கர்வம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதை வைத்து அவள் கர்வப்படுவாள்?

அவன் காலையில் எழுந்ததும் கை கொஞ்சம் நடுங்கும். சாராயப் பாக்கெட்டின் மூலையைக் கிழிக்க வராது. கனகம்தான் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, கிழித்து, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். "கை நிக்கறதுக்கு" என்று அதற்குப் பெயர். அதை அவர்கள் வீட்டில் குடி என்று யாரும் சொன்னதில்லை. காபி குடிக்கிற வீட்டில் காபி மாதிரி அது. அவன் டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் வருவதற்குள் கை நின்றுவிடும். சோற்று டப்பாவை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான்.

அந்த வருஷம், தொண்ணூற்று ஒன்றில், ஆடி பிறந்த அதே வாரத்தில் அரசாங்கம் மலிவு விலைச் சாராயக் கடைகளை மூடியது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒயின்ஷாப் இருந்தது, ஆனால் அங்கே விற்கிற சரக்கு தினமும் வாங்கிக் கட்டுப்படி ஆகிறதில்லை. ஊர்ப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். பம்புசெட்டில் துணி துவைக்கும்போது அவர்களுக்குள் ஒரு யோசனை ஓடியது. எல்லையம்மன் கோவிலில் ஆடி முதல் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டி ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பார்கள். காப்புக் கட்டினவன் மூன்று நாள் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வழக்கமாக ஐந்தாறு பேர்தான் கட்டுவார்கள். இந்தத் தடவை எல்லா ஆண்களையும் கட்ட வைத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். மூன்று நாள் பழகினால் அப்புறம் தானாக விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு.

ஆண்களில் பலர் வழவழவென்று பேசித் தப்பித்துக்கொண்டார்கள். நடேசன் மட்டும் உடனே சரி என்றான். அளவாகக் குடிக்கிறவனுக்கு மூன்று நாள் ஒரு பொருட்டா என்று சிரித்தான். கனகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை முடித்துவிட்டு, கம்பெனிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை குளித்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போய் நின்றான். பூசாரி நாகப்பன் அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தக்கால் நடும்போது கடப்பாரை கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. விரதம் இருக்கிறவனுக்கு அசதி இருக்கத்தான் செய்யும் என்றார்கள். ராத்திரி அவன் தூங்கவில்லை, பாயில் வேர்வை. சனிக்கிழமை காலையில் கனகம் கஞ்சி கொடுத்தபோது டம்ளர் அவன் பல்லில் பட்டு டக்டக்கென்று அடித்தது. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள். வெயில் சரியான ஆடி வெயில், காற்று புழுதியை வாரி அடித்தது. ஜுரமாக இருக்கும் என்று நெற்றியில் பத்துப் போட்டாள். 'கை நிக்கறதுக்கு' ஒன்றும் இல்லாத காலை அது என்பது அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஒரு வார்த்தை மனசுக்குள் வந்தது, அதைத் தள்ளிவிட்டாள்.

சாயங்காலப் பூஜையில் பம்பையும் உடுக்கையும் அடிக்க ஆரம்பித்ததும் நடேசனின் உடம்பு முழுவதும் ஆடத் தொடங்கியது. கை, தோள், தாடை எல்லாம் நடுங்கின. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். நாகப்பன் ஓடிவந்து விபூதி அள்ளிப் பூசி, வேப்பிலைக் கொத்தை அவன் கையில் கொடுத்தார். பதினைந்து வருஷமாக யார் மேலும் வராத ஆத்தா ஒரு ஷிப்டுக்காரன் மேல் வந்துவிட்டாள் என்று ஊரே கும்பிட்டது. மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவன் தலையில் ஊற்றினார்கள். சிலர் கனகத்தின் காலையும் தொட்டார்கள்.

இதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். அந்த ஒரு சாயங்காலம் கனகம் ரொம்பவும் சந்தோஷமாக இருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவள் காலைத் தொட்டதில்லை. களை வேலைக்குக் கூப்பிடுகிற வீட்டு அம்மாள், எப்போதும் 'ஏ கனகு' என்று கூப்பிடுகிறவள், அன்றைக்குப் பக்கத்தில் வந்து நின்று 'ஆத்தா கிட்ட எங்கள பத்தி சொல்லுமா' என்றாள். சாமி வந்தவர்கள் வாயில் சூடம் கொளுத்திப் போட்டால் சாமி மலையேறிவிடும், உடம்பு அடங்கும். நடேசன் வாயில் சூடம் போட்டார்கள். அடங்கவில்லை. பம்பையை நிறுத்தினார்கள். அப்போதும் அடங்கவில்லை. உக்கிரமான ஆத்தா என்றார் நாகப்பன். கனகமும் அப்படியே நம்பினாள். அவனைக் கோவில் பந்தலிலேயே படுக்க வைத்து, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவில் வாசலில் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் வந்து இறங்கியது. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு வாசனை தெரு முழுக்க. நடேசன் பந்தல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து யார் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். வேட்டியிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டான். அப்போதுதான் மீனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் காலில் விழுந்தாள். ஒற்றை ஆள், புருஷன் இல்லை. ஒரே பிள்ளை அன்பு இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியில் கிளீனராகப் போனவன், பம்பாயிலிருந்து ஒரு கடிதாசு வந்தது, அதோடு சரி.

"ஆத்தா, எம் புள்ள வருவானா? ஒரே ஒரு வார்த்த சொல்லு."

நடேசன் அவள் தலைக்கு மேலே வெறித்துப் பார்த்தான். "வரான். தோ நிக்கிறான் பாரு. வாசல்லதான் நிக்கிறான்."

மீனம்மாள் போட்ட கூச்சலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவள் மண்ணில் புரண்டு அழுதாள். பார்த்தவர்களுக்கும் அழுகை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நடேசன் எழுந்து நின்றான். வலது கையை முன்னால் நீட்டி எதையோ வைத்தான். வலது காலால் தரையை ஓங்கி மிதித்தான். இடது கையால் எதையோ எடுத்துப் பக்கத்தில் போட்டான். மறுபடியும் வைத்தான், மிதித்தான், எடுத்துப் போட்டான். ஆத்தா ஆடுகிறாள் என்று பம்பைக்காரர்கள் அதற்குத் தகுந்த மாதிரி அடித்தார்கள். பெண்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

பாபு அப்போதுதான் வந்தான். அதே பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிற பையன், பக்கத்துத் தெரு, நைட் ஷிப்ட் முடித்து நேராகக் கூழ் குடிக்க வந்திருந்தான். கையில் சொம்போடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கனகத்தைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணி, அவுரு ஆடல. மிஷின் ஓட்டிகினு கீறாரு."

கனகத்துக்குப் புரியவில்லை.

"ஷீட்ட வெக்கிறாரு, பெடல மிதிக்கிறாரு, பீஸ எடுத்து ட்ரேல போடுறாரு. நல்லா பாரு அண்ணி. மிஸ் ஆவாம ஒரே கணக்கா ஓட்டுறாரு. அவுருக்கு இப்ப இது கோயிலுன்னே தெரில."

அந்த நேரம் பார்த்து நடேசன் உரக்கச் சொன்னான். "கைய எடு, கைய எடு, சூப்பர்வைசர் வரான்." கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாகப்பன்கூட அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கம்பெனியில் ஒரு போர்மேன் பெண்சாதி சொல்லுக்காக ஒரே நாளில் குடியை நிறுத்தினார் என்றும், மூன்றாம் நாள் இதே மாதிரி இல்லாத பூச்சியைப் பொறுக்கிக்கொண்டு இருந்தவருக்குக் கை கால் இழுத்து வெட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்றும், ஒருநாள் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னதாகவும் பாபு சொன்னான். கனகம் அதைக் கேட்டுக்கொண்டே நடேசனின் காலைப் பார்த்தாள். குதிகால் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மிதிப்பது நிற்கவில்லை. நேற்றைக்குத் தள்ளிவிட்ட வார்த்தை மறுபடி வந்தது. இப்போது அவளால் தள்ள முடியவில்லை.

அவள் நாகப்பனிடம் போய் காப்பை அவிழ்க்கச் சொன்னாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும் என்றாள். நாகப்பன் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். சாமி மலையேறுகிற முன்னால் காப்பை அவிழ்த்தால் ஊருக்கே ஆகாது, காப்போடு எல்லையைத் தாண்டினாலும் ஆகாது, சாயங்காலம் வரை பொறுத்துக்கொள் என்றார். சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஆத்தாளை ஆஸ்பத்திரிக்கு யாராவது கொண்டு போவார்களா என்று ஒருத்தி கேட்டாள்.

கனகம் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். குரல் பெரிதாக எழும்பவில்லை.

"இது ஆத்தா இல்ல. குடி. தெனம் காலைல கை நிக்கறதுக்கு நான்தான் ஊத்திக் குடுப்பேன். மூணு நாளா குடுக்கல. அதான் இப்பிடி ஆடுது. எனுக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சிகினேதான் கம்முனு இருந்தேன்."

அவள் நடேசனின் கையைப் பிடித்து இழுத்து, அந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். பம்பைக்காரர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள். மீனம்மாள் மட்டும் 'அடி பாவி, அடி பாவி' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாபுவும் கனகமும் சேர்ந்து நடேசனை ரோட்டுக்கு இழுத்துப் போய், குவாரியிலிருந்து வந்த கல் லாரி ஒன்றை நிறுத்தினார்கள். ஊரிலிருந்து கூட வேறு யாரும் வரவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது லாரியிலேயே அவனுக்கு வெட்டு வந்தது. பாபு அவன் பல்லுக்கு நடுவில் தன் துண்டைத் திணித்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஊசி போட்டு, கட்டிலோடு அவன் கைகளைத் துணியால் கட்டச் சொன்னாள். பிறகு கனகத்திடம் அவன் எவ்வளவு குடிப்பான் என்று கேட்டாள்.

"அளவாத்தாம்மா."

"அளவுன்னா எவ்ளோம்மா?"

கனகம் யோசித்தாள். காலையில் ஒன்று. ஷிப்ட் இடைவேளையில் ஒன்று என்று பாபு சொன்னான், அது அவளுக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்ததும் இரண்டு. வீட்டுக்கு வந்து சாப்பாட்டோடு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை எண்ணுகிறதில்லை. விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதுவரைக்கும் அவள் இதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. "ஆனா ஒரு நாளும் தடுமாற மாட்டாரும்மா. நெதானமா வூடு வந்துடுவாரு" என்றாள் கடைசியில்.

"அதாம்மா பயம். அவ்ளோ குடிச்சும் தடுமாறலன்னா ஒடம்பு அதுக்குப் பழகிப் போச்சின்னு அர்த்தம். கீழ வுழறவன எல்லாரும் பாக்கறாங்க, இவர யாரும் பாக்கல." டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னாள். "இனிமே இவருக்கு அளவுன்னு ஒண்ணு கெடையாது. ஒரு ஸ்பூன் ஆனாலும் மறுபடி மொதல்லேந்து. அடுத்த வாட்டி பொழைக்க மாட்டாரு."

ஒன்பது நாள் இருந்து வீட்டுக்கு வந்தார்கள். நடேசன் பாதி ஆளாக இருந்தான். கோவிலில் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. கம்பெனியில் டைபாய்டு என்று பாபு சொல்லி வைத்திருந்தான். கைநடுக்கம் நின்றிருந்தது, ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் மத்தியானம் சுவரைப் பார்த்தபடி, "கனகு, வாய் காயுதுடி" என்றான். அவள் மோர் கொடுத்தாள். மோர் எதற்குப் பதில் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊர் தன் பாட்டுக்கு ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தது. நடேசன் குடித்ததால் அல்ல, நிறுத்தினதால்தான் சாகக் கிடந்தான் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். காப்புக் கட்டிய மற்ற ஆண்கள் கூழ் ஊற்றிய அன்றைக்கே ஒயின்ஷாப் போய் வந்துவிட்டார்கள். எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை, பயம். மண்ணாங்கட்டிகூட நலம் விசாரிக்க வந்தான். "நான் எந்நாளும் நிறுத்தனதே இல்ல அண்ணி, ஒடம்பு பாரு எப்பிடி கீது" என்று தோளைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். கனகத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. களை எடுக்க அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆத்தாளைச் சாராயம் என்று சொன்னவளின் கை பட்டால் பயிர் ஏறாது என்று வேலைக்குக் கூப்பிடுகிற அந்த வீட்டு அம்மாள் சொன்னதாகக் காதில் விழுந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளி கழிந்து புதன்கிழமை மத்தியானம் மீனம்மாள் வந்தாள். நடேசன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். கனகம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மீனம்மாள் உட்காராமல் வாசல்படியில் நின்று, மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். பிராந்தி, கால் பாட்டில். சிங்கப்பெருமாள் கோவில் வரை நடந்தே போய், ஆண்களோடு வரிசையில் நின்று வாங்கினாளாம். காலெல்லாம் புழுதி.

"இன்னாக்கா இது?"

"குடிச்சிட்டு நிறுத்தனாத்தான் வருதுன்னு சொன்ன இல்ல. குடிக்கட்டும். நாலு நாள் குடிச்சிட்டு நிறுத்தட்டும். நான் வாங்கியாந்து தரேன். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி கேட்டு சொல்லச் சொல்லு கனகு. வாசல்ல நிக்கிறான்னு சொல்லுச்சே, பதினேழு நாளாச்சி, வாசல்ல யாரும் இல்லியே."

அவள் பைத்தியமாகப் பேசவில்லை. நன்றாக யோசித்து, பல நாள் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். கனகம் முறத்தைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். குடித்தால் செத்துப்போவார் என்றாள். அன்றைக்குப் பார்த்தது உன் பிள்ளையை இல்லை, மூளை கலங்கி யார் யாரையோ பார்த்தார் என்றாள். மீனம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாட்டிலை மட்டும் மடியில் வைக்கவில்லை.

உள்ளே கட்டில் கயிறு முனகியது. நடேசன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் மீனம்மாளைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தான்.

"அக்கா," என்றான். "அத்த எடுத்துகினு போயிடு. நான் கேக்கறதுக்கு முன்னாடி போயிடு. கேட்டுட்டேன்னா இவளால என்ன நிறுத்த முடியாது."

மீனம்மாள் நகரவில்லை. பிள்ளைக்காக நிற்கிறவளை யார் நகர்த்த முடியும்? நடேசன் காலைக் கீழே வைத்தான். கனகம் ஒரு நொடி இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டு பேர் மேலும் அவளுக்கு இரக்கமாக இருந்தது, தன்மேலும்தான். பிறகு எழுந்துபோய் வாசல்படியை மறித்துக்கொண்டு மீனம்மாளின் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அன்னிக்கி வந்தது ஆத்தாதான்."

மீனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் பொய் சொன்னேன். வூட்டுக்காரரு செத்துடுவாரோன்னு பயந்துகினு, காப்ப அறுக்கறதுக்காக வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். ஆத்தா ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான். திருப்பித் திருப்பிக் கேட்டா கோச்சிக்குவா. வருவான்க்கா. நீ வூட்டுக்குப் போ, அவன் வரச்சொல்லோ வூடு பூட்டிக் கெடக்கக்கூடாது."

"மெய்யாலுமா கனகு?"

"மெய்யாலும்."

மீனம்மாளின் முகம் அப்படியே இளகிப்போனது. கனகத்தின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரலை நெரித்தாள். பாட்டிலைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மண்ணாங்கட்டியிடம் கொடுத்துவிட்டால் கூரை மாற்றித் தருவான் என்று சொல்லிக்கொண்டே, வந்ததைவிட வேகமாகத் தெருவில் இறங்கிப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாகப்பன் வந்து, ஊர் கூடிப் பேசியதைச் சங்கடத்தோடு சொன்னார். சாமி மேல் பொய் சொன்னதற்குப் பரிகாரம் உண்டு, வெள்ளிக்கிழமை காலை ஈரப் புடவையோடு கோவிலைப் பதினொரு சுற்று முழங்காலில் வரவேண்டும், ஊர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ளவேண்டும் என்றார். கனகம் சரி என்றாள். அவர் போனதும் நடேசன் கேட்டான்.

"செய்யாத தப்ப ஏன்டி ஒத்துகின?"

அவள் கேழ்வரகை அள்ளிப் பானையில் போட்டாள். "நான் தப்பே செய்யலன்னு யாரு சொன்னா? டம்ளர்ல ஊத்திக் குடுத்தது யாரு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பம்புசெட்டில் முழுகிவிட்டு வந்து அவள் மண்டியிட்டாள். சுற்றுப் பாதையில் ஜல்லி கொட்டியிருந்தது. ஐந்தாவது சுற்றில் முழங்கால் பொத்துக்கொண்டது. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டு அம்மாள், திங்கட்கிழமையிலிருந்து களைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனாள். மீனம்மாள் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். நடேசன் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். அவன் குடிக்காமல் இருந்து அன்றைக்கு இருபத்திரண்டாவது நாள்.